படிவமும் கணினியும்: வாசகர் கேள்விகள்

காகிதப் படிவத்தில் இருப்பதைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதப் போய், ஒரு கட்டுக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. இந்த வேலையை நானே அடித்துச் செய்தவள், பிறகு அடிப்பவர்களை மேற்பார்த்தவள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வுக்காக நிரப்பிய நான்கு பக்கப் படிவங்கள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இரண்டு பேர் அடிக்கிறார்கள். இருவருக்கும் தட்டச்சு நன்றாகத் தெரியும், ஆனாலும் வேலை நகரவே இல்லை. வேகப் பயிற்சி கொடுக்கலாமா, மேடம்?

வேண்டாம். முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களில் ஒருவருக்குப் பின்னால் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்காதீர்கள். எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அனேகமாக நீங்கள் பார்க்கப் போவது இதைத்தான். திரையில் முதல் கட்டம் பிறந்த தேதி கேட்கும். படிவத்தில் அது இரண்டாம் பக்கத்தில் இருக்கும். பக்கத்தைப் புரட்டி, அடித்து, மறுபடி முதல் பக்கத்துக்கு வருவார். அடுத்து ‘தொழில்’ என்ற இடத்தில் ஒருவர் ‘சொந்த வேலை, சில நாள் கூலி’ என்று எழுதியிருப்பார். திரையிலோ ஐந்தே தொழில்கள். எதில் போடுவது? இவர் அவரைக் கேட்பார், இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள், ஒரு முடிவு எடுப்பார்கள். நாளை இதே பதில் வேறொரு படிவத்தில் வரும்போது வேறொரு முடிவு எடுப்பார்கள். அப்புறம் ‘வயது’ கட்டத்தில் 34 என்று எழுதி, அதைக் கோடு கிழித்துவிட்டு, மேலே 35 என்றோ 36 என்றோ கிறுக்கியிருக்கும். மறுபடி நிற்பார். நேரம் போவது இங்கேதான். விரல் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த நிறுத்தங்கள் ஒன்றுகூடக் குறையாது.

ஆக, அடிப்பவர் முடிவெடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி படிவம் அவர் கைக்கு வர வேண்டும். கட்டிலிருந்து ஒவ்வொரு படிவமாக எடுத்து, ஒருவர் முன்கூட்டியே பார்த்துவிடட்டும். நிரப்பியவர்கள் நீலத்திலும் கறுப்பிலும் எழுதியிருப்பார்கள், இவர் கையில் பச்சைப் பேனா. ‘தொழில்’ கட்டத்துக்குப் பக்கத்தில் 4 என்று குறியீடு போடுவார். 35ஆ 36ஆ என்பதைத் தீர்ப்பார், தீர்க்க முடியாவிட்டால் ‘வாசிக்க முடியவில்லை’ என்பதற்கான குறியீட்டைப் போடுவார். எழுதியிருப்பதை அழிக்கவே கூடாது, பக்கத்தில்தான் குறிக்க வேண்டும். எடுத்த முடிவை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: ‘சொந்த வேலையும் கூலியும் சேர்ந்து வந்தால் 4.’ அடுத்த முறை யோசிக்க வேண்டாம், நோட்டைப் பார்த்தால் போதும். மூன்றாவது ஆள் இல்லையே என்பீர்கள். இருவரில் ஒருவர் காலையில் இதை மட்டும் செய்யட்டும். ஒருவர் மட்டும் அடித்தும் அன்றைய கணக்கு முன்பைவிடக் கூடுவதைப் பார்ப்பீர்கள்.

திரையைப் படிவத்தின் வரிசைக்கு மாற்றுங்கள். முதல் பக்கத்தின் மேலிருந்து கடைசிப் பக்கத்தின் கீழ் வரை கண் எப்படிப் போகிறதோ, கட்டங்களும் அப்படியே வரட்டும். அறிக்கைக்கு வேறு வரிசை வேண்டுமானால் அதைப் பின்னால் கணினி மாற்றித் தரும். மவுஸை மேசையிலிருந்தே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கீழே விரியும் பட்டியல்கள் பார்க்க அழகு, அடிப்பவருக்குத் தொல்லை. கை நம்பர் பேடை (விசைப்பலகையின் வலது ஓரத்து எண் விசைகளை) விட்டு நகர வேண்டும், பட்டியலில் தேட வேண்டும், வழுக்கினால் அடுத்த வரி தேர்வாகிவிடும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2 என்று எண்ணாகவே வாங்குங்கள். எண்கள் மட்டும் உள்ள படிவத்தை ஒரு கையால், கீழே பார்க்காமலே அடித்துவிடலாம். நம்பர் பேடில் 5 மேல் ஒரு சின்ன மேடு இருப்பதே நடுவிரல் அதைத் தடவி இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். இன்னொரு கை பக்கத்தைப் புரட்டும். படிவத்தை மேசையில் படுக்க வைக்காமல் திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் சாய்த்து நிறுத்துங்கள். கழுத்து வலிக்காது, வரியும் மாறாது.

கேள்வி: எல்லாவற்றையும் இரண்டு முறை அடிப்பது வீண்செலவு, பத்தில் ஒன்றை எடுத்துச் சரிபார்த்தால் போதும் என்கிறார் எங்கள் மேலாளர். அவர் சொல்வது சரியா?

பத்தில் ஒன்றைப் பார்த்தால் எவ்வளவு தவறு இருக்கிறது என்று தெரியும். பார்க்காத ஒன்பதில் இருக்கும் தவறு அப்படியே இருக்கும். இது இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மேலாளர் கிடைப்பது அபூர்வம்.

இருமுறை அடிக்கும் வழக்கம் கணினிக்கு முந்தையது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் துளை அட்டைகள், அதாவது விவரத்தைத் துளைகளாகப் பதியும் அட்டைகள், வந்தன; அந்த அட்டைகள் அலுவலகங்களில் பல பத்தாண்டுகள் ஓடின. அட்டையில் துளையிட ஒருவர். அதே காகிதத்தைப் பார்த்து, ‘வெரிஃபையர்’ என்ற இன்னொரு இயந்திரத்தில் மறுபடி அடிக்க வேறொருவர். இரண்டாவது இயந்திரம் புதிதாகத் துளை போடாது. இருக்கும் துளையும் அடித்த விசையும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஐபிஎம்மின் வெரிஃபையரில், முழு அட்டையும் சரி என்றால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு சிறிய வெட்டு விழும். அட்டைகளை அடுக்கி ஓரத்தைப் பார்த்தாலே எந்த அட்டை தேறவில்லை என்று தெரிந்துவிடும். இன்றைக்கு எத்தனையோ மென்பொருள்களில் அந்த ஓரவெட்டுக்கு இணையாக ஒன்றுமே இல்லை என்பது என் ஆதங்கம்.

இரட்டை அடிப்பு வேலை செய்ய இரண்டு நிபந்தனை. இரண்டாவதாக அடிப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். முதலில் அடித்ததை அவர் பார்க்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டு முறை அடித்தால், 1ஐ 7 என்று படித்த கண் மறுபடியும் 7 என்றுதான் படிக்கும். வேறுபாடு வந்த இடத்தில் யார் சொல்வது சரி என்று இருவரும் பேசித் தீர்க்கவும் வேண்டாம். மூன்றாவது ஆள் காகிதத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

திரையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சரிபார்க்கிறோம் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. இருபது படிவம் வரை கண் உண்மையாக வேலை செய்யும். அதன் பிறகு, இருக்க வேண்டியதைத்தான் பார்க்கும்.

செலவு உண்மையான பிரச்சினைதான். அதனால் எல்லாக் கட்டத்தையும் இருமுறை அடிக்காதீர்கள். தவறினால் ஆளே மாறிவிடும் கட்டங்கள் உண்டு: அடையாள எண், தேதி, தொகை, மருந்தளவு. இவற்றை மட்டும் இருமுறை அடியுங்கள். மற்றவற்றில் மாதிரி எடுத்துப் பாருங்கள். மாதிரிக்கு ஒரு கைக்கணக்கு: 300 கட்டங்களைக் கண்டபடி தேர்ந்து பார்த்து ஒரு தவறுகூட இல்லையென்றால், மொத்தத்தில் தவறு 1 சதவீதத்துக்குக் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3ஐப் பார்த்த எண்ணிக்கையால் வகுப்பதுதான் கணக்கு. 30 கட்டம் பார்த்துத் தவறே இல்லை என்று மகிழ்ந்தால், 10 சதவீதம் வரை தவறு ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. மேலாளரிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

எபிடேட்டா, சிஎஸ்ப்ரோ இரண்டும் படிவ விவரத்தை ஏற்றுவதற்கான மென்பொருள்கள், காசில்லாமல் கிடைப்பவை, இரண்டிலும் இரட்டை அடிப்புக்கு வசதி உண்டு. இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்ததையும், படிவத்திலேயே தப்பாக எழுதியிருப்பதையும் எந்த மென்பொருளும் இந்த வழியில் பிடிக்காது. அதற்கு எல்லைகள் வேண்டும்: வயது 120க்கு மேல் போனால் எச்சரிக்கட்டும், பிறந்த தேதி படிவ தேதிக்குப் பின்னால் இருந்தால் எச்சரிக்கட்டும். ஆனால் எச்சரிக்கை மட்டும்தான், தடை வேண்டாம். படிவத்தில் 130 என்றே எழுதியிருந்து, திரை அதை ஏற்க மறுத்தால், அடிப்பவர் தானாக 30 என்று போட்டு நகர்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் வேறு வழி வைக்கவில்லை.

கேள்வி: எக்செல்லில்தான் அடிக்கிறோம். தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகிறது. ‘3-5’ என்று அடித்தால் தேதியாகிவிடுகிறது. என்ன செய்ய?

எக்செல் உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது. அடிக்கும் ஆள் முடிவெடுக்கக் கூடாது என்றேனே, அது இதற்கும் சேர்த்துத்தான்.

அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசைகளைத் தேர்ந்து, வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது. நீண்ட அடையாள எண்களுக்கும் இதே மருந்து. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக நினைவில் வைக்கும், பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூச்சியமாக்கிவிடும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை) இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எல்லா மாற்றமும் திறக்கும்போதே நடந்துவிடும். டேட்டா மெனு வழியாக உள்ளே இறக்கி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகையை நீங்களே சொல்லுங்கள்.

தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிக் கட்டம் வையுங்கள், ஆண்டு நான்கு இலக்கமாக. இரண்டு இலக்கத்தில் அடித்தால் நூற்றாண்டை எக்செல் ஊகிக்கும். பல பதிப்புகளில் 29 என்பது 2029, 30 என்பது 1930. 1928இல் பிறந்த முதியவர் இன்னும் பிறக்காதவராகிவிடுவார்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மார்ச்1, செப்ட்2 போன்ற சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் விடாப்பிடியாகத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. 2020இல் அது பெரிய செய்தி. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான் என்பதும், அதற்கு மேல் வந்தவை உதிர்ந்துவிட்டன என்பதும்தான் காரணம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்து அகரவரிசைப்படுத்தினால், ஒருவர் பெயர் இன்னொருவர் வயதோடு போய் உட்காரும். சேமித்து மூடிவிட்டால் திரும்ப வழியில்லை. ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு வரிசை எண் எழுதி, அதே எண் ஒவ்வொரு வரியிலும் முதல் கட்டமாக இருந்தால், குறைந்தபட்சம் காகிதத்தை எடுத்துச் சரிசெய்யலாம். முத்திரை குத்தும் எண் இயந்திரம் ஒன்று வாங்கினால் போதும்.

கேள்வி: இரண்டு பேர் அடித்த தொகைகளின் கூட்டலில் 270 வித்தியாசம் வருகிறது. எங்கே தேடுவது?

270 ஒன்பதால் வகுபடுகிறது. அப்படியானால் முதல் சந்தேகம், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்பது. 740ஐ 470 என்று அடித்தால் வித்தியாசம் 270. நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறி, இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் 3 உள்ள தொகைகளை மட்டும் பாருங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். 30ஐ 300 என்று அடித்தாலும் இதே 270 வரும், அதையும் பாருங்கள்.

ஐம்பது படிவத்துக்கு ஒரு கட்டு என்று பிரித்து, கட்டுக்குக் கட்டு கூட்டல் போட்டால் தேட வேண்டியது ஐம்பதுக்குள் அடங்கிவிடும். மூவாயிரத்தையும் அடித்து முடித்துக் கடைசியில் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு என் அனுதாபம். தொகை இல்லாத படிவமானால் வரிசை எண்களையே கூட்டுங்கள். அந்தக் கூட்டலுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது, ஆனால் ஒரு படிவம் விடுபட்டாலோ இருமுறை ஏறினாலோ காட்டிக் கொடுத்துவிடும்.

அடையாள எண்களை நீங்களே உருவாக்குவதானால் கடைசியில் ஒரு சோதனை இலக்கம், அதாவது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் இலக்கம், சேருங்கள். அதைக் கணக்கிடும் முறைகளில் லூன் முறை எளிது. எந்த ஒற்றை இலக்கத் தவறையும் பிடிக்கும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் இடமாற்றங்களில் 09ஐ 90 ஆகவோ 90ஐ 09 ஆகவோ ஆக்குவதை மட்டும் விட்டுவிடும். 1969இல் வந்த வெர்ஹோஃப் முறை அதையும் பிடிக்கும், கணக்கு கொஞ்சம் சுற்று.

கேள்வி: பதில் எழுதாமல் விட்ட கட்டத்தில் 0 போடலாமா?

கூடாது. ‘எத்தனை குழந்தைகள்’ என்ற கேள்விக்கு 0 என்பது ஒரு பதில். வெறுமை வேறு. காலியாகவே விட்டாலும் சிக்கல்தான்: படிவத்தில் காலியா, அடித்தவர் தாண்டிவிட்டாரா என்று பிறகு தெரியாது. பதில் இல்லை, தெரியாது என்றார், இவருக்குப் பொருந்தாது, வாசிக்க முடியவில்லை என்று நான்குக்கும் நான்கு குறியீடு வையுங்கள். வயதுக்கு 99ஐக் குறியீடாக வைக்காதீர்கள், 99 வயதுக்காரர் ஒருவர் வருவார். 999 என்று வைத்தால், சராசரி எடுக்கும் முன் அதை நீக்க மறக்காதீர்கள்.

கேள்வி: கையெழுத்தைப் படிக்கும் செயலிகள் வந்துவிட்டனவே, இன்னும் ஏன் கையால் அடிக்க வேண்டும்?

அச்செழுத்தைக் கணினி நன்றாகவே படிக்கிறது. வட்டத்தை நிரப்பும் விடைத்தாள் வகைப் படிவங்களையும் அப்படியே. கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று பிரித்து எழுதிய எண்களைப் பெரும்பாலும் படிக்கும். சேர்த்து எழுதிய கையெழுத்தில்தான், அதிலும் அவசரத்தில் எழுதிய தமிழில்தான், தடுமாறுகிறது.

தடுமாறுவதுகூடப் பரவாயில்லை, தடுமாறுகிறேன் என்று சொல்லாததுதான் ஆபத்து. படிக்க முடியாத சொல்லைப் பார்த்தால் நல்ல ஆபரேட்டர் கையைத் தூக்கிவிடுவார். புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லை அழகாகப் போட்டுவிடும். சில நேரம் காலிக் கட்டத்தில்கூட. மனிதர் போட்ட தவறு விகாரமாக இருக்கும், கண்ணில் படும். இது போடும் தவறு சரியான பதிலைப் போலவே இருக்கும். ஆகவே எவ்வளவு உறுதியாகப் படித்தேன் என்று கட்டத்துக்குக் கட்டம் மதிப்பெண் தரும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் குறைந்த கட்டங்களின் படத்தை மட்டும் வெட்டி, ஆளுக்குக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தை முதல் அடிப்பாகவும் ஆளை இரண்டாம் அடிப்பாகவும் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு. இயந்திரத்தின் பதிலை ஆளுக்குக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

படிவம் இன்னும் அச்சாகவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எழுத்துக்கு ஒரு கட்டம் வையுங்கள். கட்டக் கோடுகளை வெளிர் நிறத்தில் அச்சடித்தால் ஸ்கேனர் அந்த நிறத்தை விலக்கிவிட்டு எழுத்தை மட்டும் எடுக்கும். நான்கு மூலையிலும் கறுப்புச் சதுரம் இருந்தால் சாய்ந்து போன பக்கத்தைக் கணினியே நேராக்கும். ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். மற்றவர்களின் பெயரும் நோயும் எழுதிய படிவங்களை ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றிப் படிக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: தமிழில் அடித்த பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை!

‘ஔவை’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஔ என்ற ஒற்றை எழுத்தை அடிப்பார். இன்னொருவர் ஒ அடித்துப் பக்கத்தில் ள அடிப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும், கணினிக்கு இரண்டு வேறு பெயர். ‘எ’வுக்குப் பதில் தமிழ் எண் ஏழான ‘௭’ விழுந்தாலும் இதே கதை. ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்த கோப்புகளும் உண்டு. ‘ஸ்ரீ’யையும் இரண்டு விதமாக உள்ளே எழுத முடியும். எல்லோருக்கும் ஒரே விசைப்பலகை முறை கொடுங்கள், பிறகு முழுக் கோப்பையும் ஒருமுறை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (தனித்தனியாகச் சேர்த்த எழுத்துத் துண்டுகளை ஒரே வடிவமாக்கும் முறைக்கு) மாற்றச் சொல்லுங்கள். கொம்பும் காலும் அதில் சரியாகிவிடும். ஔ, ௭, ஸ்ரீ மூன்றும் சரியாகாது, அவற்றைத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: அடிக்கும் ஆள் நான்தான். மணிக்கு எத்தனை படிவம் என்று மட்டுமே எங்களை அளக்கிறார்கள். தவறு கண்டுபிடித்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் எண்கள் கலங்குகின்றன.

எண்ணிக்கைக்குக் காசு, சந்தேகம் கேட்டால் நேரம் போகும், தவறினால் அபராதம் என்றால் யாராக இருந்தாலும் ஊகித்து அடித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இந்தப் பதிலை உங்கள் மேலதிகாரி படிக்கும்படி வைத்துவிடுங்கள். சந்தேகப் படிவத்தைத் தனித் தட்டில் போட்டுவிட்டு நகர அனுமதி வேண்டும், அதுவும் எண்ணிக்கையில் சேர வேண்டும். அதை மட்டும் கேட்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கையில் இருப்பவை: நீண்ட எண்ணை மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ மனதுக்குள் பிரித்து வாசியுங்கள். கடினமான கையெழுத்துக் கட்டுகளைக் காலையில் முடித்துவிட்டு, எளிதானவற்றைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். ஒரு கட்டு முடியாமல் எழுந்திருக்காதீர்கள், முடிந்ததும் கட்டாயம் எழுந்திருங்கள்.

கேள்வி: அடித்து முடித்த காகிதங்களை எப்போது அழிக்கலாம்?

அடித்து முடித்ததும் அல்ல. சரிபார்த்து, வேறுபாடுகளைத் தீர்த்து, கோப்பைப் பூட்டி, அதிலிருந்து முதல் அறிக்கை வெளியாகும் வரை இருக்கட்டும். விசித்திரமான எண்கள் பெரும்பாலும் அறிக்கை எழுதும்போதுதான் கண்ணில் படும். எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் துறையில் விதி இருந்தால் அதன்படி. அதுவரை வரிசை எண்படி அடுக்கி, பெட்டியின் மேலே அல்ல, பக்கவாட்டில் ‘1 முதல் 50 வரை’ என்று எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு மேலே எழுதியதை யாராலும் படிக்க முடியாது.